இலைச்சாற்றில் உருவாகும் உலோக நானோதுகள்: வினையூக்கியாக அது எவ்வளவு பசுமையானது?

முதுகலை வேதியியல் மாணவர் ஒருவரின் கேள்வி இது: "தாவரச் சாற்றைக் கொண்டு வெள்ளி, பலேடியம் நானோதுகள்களைத் தயாரித்து வினையூக்கியாகப் பயன்படுத்த நினைக்கிறேன். சோடியம் போரோஹைட்ரைடைத் தவிர்த்துவிட்டாலே முறை சுற்றுச்சூழலுக்கு உகந்ததாகிவிடுமா? எதைக் கவனிக்க வேண்டும்?"

ஆகிவிடாது. உலோக அயனிகளுக்கு எலக்ட்ரான் கொடுத்து உலோகமாக்கும், அதாவது ஒடுக்கும், போரோஹைட்ரைடுக்குப் பதிலாக இலைச்சாற்றை ஊற்றும்போது செய்முறையில் ஒரே ஒரு பொருள்தான் மாறுகிறது. உலோக உப்பு எப்படித் தயாரானது, எத்தனை லிட்டர் நீர் செலவாகிறது, கிடைத்த துகள் எத்தனை முறை வேலை செய்யும், கடைசியில் அந்த உலோகம் எங்கே போய்ச் சேரும் ஆகிய கேள்விகள் அப்படியே நிற்கின்றன. இத்துறையில் குவியும் கட்டுரைகளில் பல அந்த முதல் மாற்றத்தோடு நின்றுவிடுவது எனக்கு உண்மையாகவே வருத்தம் தருகிறது. ஏனென்றால் இதற்குள் மிக நல்ல வேதியியல் இருக்கிறது. அதை முழுமையாகச் செய்தால் பலனும் உண்டு.

முதலில், இவ்வளவு சிறிய துகள் எதற்கு என்று பார்த்துவிடலாம். திண்ம வினையூக்கியில் வினை நடப்பது மேற்பரப்பில் மட்டுமே. உள்ளே புதைந்த அணுக்கள் வெறும் பாரம். ஒரு மில்லிமீட்டர் விட்டமுள்ள பலேடியம் மணிகள் ஒரு கிராம் எடுத்தால் மொத்த மேற்பரப்பு ஏறத்தாழ 5 சதுர சென்டிமீட்டர். அதே ஒரு கிராமை 5 நானோமீட்டர் துகள்களாக்கினால் சுமார் 100 சதுர மீட்டர், அதாவது 2 லட்சம் மடங்கு. விலையுயர்ந்த, தோண்டி எடுக்க மிகவும் சிரமமான ஓர் உலோகத்தைக் குறைவாகச் செலவழித்து அதே வேலையை வாங்க முடிகிறது என்பதுதான் நானோதுகள் வினையூக்கியின் முதல் சுற்றுச்சூழல் நன்மை. இதற்கு மேல், சில உலோகங்கள் இந்த அளவில் புதிய குணத்தையே காட்டுகின்றன. வினைபுரியாத உலோகம் என்று ஒதுக்கப்பட்டிருந்த தங்கம், சில நானோமீட்டர் துகள்களாகி உலோக ஆக்சைடுகளின் மேல் அமர்ந்தால், கார்பன் மோனாக்சைடை 0 டிகிரி செல்சியசுக்கு வெகு கீழான வெப்பநிலையிலும் ஆக்சிஜனேற்றம் செய்கிறது என்பதை மசடகே ஹருடா 1987ஆம் ஆண்டு காட்டினார். தங்க வினையூக்கத் துறை வேகமெடுக்க அது முக்கியக் காரணமாக இருந்தது.

தயாரிப்பு முறைகளின் வரலாற்றில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. மைக்கேல் ஃபாரடே 1857ஆம் ஆண்டு விவரித்த மாணிக்கச் சிவப்புத் தங்கக் கரைசலுக்குப் பாஸ்பரசும் கார்பன் டைசல்ஃபைடும் தேவைப்பட்டன, இரண்டுமே ஆபத்தானவை. ஆனால் டர்கெவிச் குழு 1951ஆம் ஆண்டு ஆராய்ந்து வெளியிட்ட முறையில் இருப்பவை கொதிக்கும் நீர், தங்க உப்பு, சோடியம் சிட்ரேட் ஆகியவை மட்டுமே. சிட்ரேட்டே எலக்ட்ரான் கொடுத்து ஒடுக்குகிறது, துகள்கள் ஒட்டிக்கொள்ளாமல் காக்கவும் செய்கிறது. இன்றைய அளவுகோலில் வைத்துப் பார்த்தாலும் அது சுற்றுச்சூழலுக்கு இணக்கமான முறைதான். 1994ஆம் ஆண்டு வந்த பிரஸ்ட்–ஷிஃப்ரின் முறை இன்னும் சிறிய, மிகச் சீரான தங்கத் துகள்களைத் தந்தது. அதற்கான விலை டொலுயீன், நான்கிணைய அம்மோனியம் உப்பு, தயால், போரோஹைட்ரைடு ஆகியவை. அளவுக் கட்டுப்பாடு வேண்டும் என்று தேடிப் போனபோதுதான் நச்சுக் கரைப்பான்கள் பெருகின. ஆகவே இன்றைக்கு நம் முன் இருக்கும் சவால், நீரிலேயே அந்தக் கட்டுப்பாட்டைப் பெறுவது.

பால் அனஸ்டாஸும் ஜான் வார்னரும் 1998ஆம் ஆண்டு பசுமை வேதியியலின் 12 கொள்கைகளை வகுத்தார்கள். அவற்றை நானோதுகள்களுக்குப் பொருத்திப் பார்த்த முக்கியமான ஆரம்ப முயற்சிகளில் ஒன்று 2003ஆம் ஆண்டு வந்தது: ரவீந்திரன், ஃபூ, வாலன் ஆகிய மூவரும் நீரில் குளுக்கோசை ஒடுக்கும் பொருளாகவும் ஸ்டார்ச்சை நிலைப்படுத்தியாகவும் கொண்டு வெள்ளித் துகள்களைத் தயாரித்தார்கள். கரைப்பான் எது, ஒடுக்கும் பொருள் எது, நிலைப்படுத்தி எது என்று மூன்றையும் தனித்தனியே கேட்க வேண்டும் என்ற தெளிவு அந்த ஆய்வில் இருக்கிறது. நீங்கள் தொடங்குவதற்கும் அதுவே சரியான இடம். ஏறத்தாழ அதே காலத்தில் தேசிய வேதியியல் ஆய்வகத்தில் முரளி சாஸ்திரி குழு ஜெரேனியம் இலை, வேப்பிலை, எலுமிச்சைப் புல் ஆகியவற்றின் சாற்றில் வெள்ளியையும் தங்கத்தையும் துகள்களாக்கியது. எலுமிச்சைப் புல் சாற்றில் மெல்லிய முக்கோணத் தங்கத் தகடுகள் உருவானதை அவர்கள் 2004ஆம் ஆண்டு வெளியிட்டார்கள். இன்று வரும் 'இந்த இலை, அந்தப் பழத்தோல்' ஆய்வுகளில் பெரும்பாலானவை இந்த வழியில் வந்தவையே.

இலைச்சாற்றில் என்ன நடக்கிறது? பாலிஃபீனால்கள், ஃபிளேவனாய்டுகள், டானின்கள், ஒடுக்கும் சர்க்கரைகள் ஆகியவை எலக்ட்ரான்களைக் கொடுக்கின்றன. பாலிஃபீனால்களில் பெரும்பங்கு வகிப்பது அடுத்தடுத்து இரண்டு ஹைட்ராக்சில் தொகுதிகளைக் கொண்ட கேட்டகால் அமைப்பு. அது குயினோனாக மாறும்போது இரண்டு எலக்ட்ரான்களையும் இரண்டு புரோட்டான்களையும் விடுகிறது. ஒரு கேட்டகால் தொகுதி இரண்டு வெள்ளி அயனிகளை உலோகமாக்கப் போதும். புரோட்டான் வெளியேறுவதால் கரைசல் காரத்தன்மை அடைய அடைய ஒடுக்கும் வலிமை கூடுகிறது: பி.எச். ஓர் அலகு உயர்ந்தால் மின்னழுத்தம் சுமார் 59 மில்லிவோல்ட் இறங்கும். பி.எச். 7இல் கேட்டகால்–குயினோன் இணையின் மின்னழுத்தம் 0.4 வோல்டுக்கு அருகில் இருக்கிறது. இந்த ஓர் எண்ணை மனத்தில் வைத்துக்கொண்டால் பல குழப்பங்கள் தீரும்: இதைவிட மின்னழுத்தம் உயர்ந்த உலோகம் எளிதாக ஒடுங்கும், தாழ்ந்தது ஒடுங்காது. தங்கக் குளோரைடுக்குத் திட்ட ஒடுக்க மின்னழுத்தம் சுமார் 1.0 வோல்ட், பலேடியத்துக்கு 0.9க்கு மேல், வெள்ளிக்கு 0.80. இவை மூன்றும் எளிதாக ஒடுங்கும். செம்பு 0.34 வோல்ட், அது எல்லைக்கோட்டில் நிற்கிறது. குளுக்கோசோடு காரக் கரைசலில் செம்பு பெரும்பாலும் சிவப்பு நிறக் குப்ரஸ் ஆக்சைடாக நின்றுவிடும் என்பதைப் சர்க்கரையைக் கண்டறியும் பெனிடிக்ட் சோதனை செய்த எல்லோரும் கண்ணால் பார்த்திருப்பார்கள். நிக்கல் −0.26, இரும்பு −0.44.

இந்த எண்களைப் பார்த்த பிறகு, தேயிலைச் சாற்றில் இரும்பு உப்பைக் கலந்து கிடைக்கும் கருமையான திரவத்தை 'உலோக இரும்பு நானோதுகள்' என்று எழுதுவதை எப்படி ஏற்க முடியும்? வெப்ப இயக்கவியல் அதற்கு இடம் தரவில்லை. பச்சைத் தேயிலைச் சாற்றிலிருந்து வந்த அத்தகைய துகள்களைக் கூர்ந்து ஆராய்ந்து 2014ஆம் ஆண்டு வெளிவந்த ஓர் ஆய்வு, அவை இரும்பு–பாலிஃபீனால் அணைவுச் சேர்மங்கள் என்று காட்டியது. பழங்கால எழுது மையின் கருமையும் இதே வகையான அணைவுதான். அந்தப் பொருளுக்கு வேறு பயன்கள் இருக்கலாம். ஆனால் அது உலோக இரும்பு அல்ல.

வெள்ளியிலும் ஒரு பொறி இருக்கிறது. தாவரச் சாற்றில் குளோரைடு அயனி இயல்பாகவே உண்டு. வெள்ளி நைட்ரேட்டை ஊற்றினால் உலோக வெள்ளியோடு வெள்ளிக் குளோரைடும் சேர்ந்து பிறக்கும். எக்ஸ் கதிர் விளிம்பு விளைவுப் படத்தில் வெள்ளியின் உச்சிகள் சுமார் 38.1, 44.3, 64.4, 77.4 டிகிரியில் வரும் (செம்புக் கதிர் மூலத்தில்). கூடவே 27.8, 32.2, 46.2 டிகிரியில் உச்சிகள் தெரிந்தால் அது வெள்ளிக் குளோரைடு. எத்தனையோ கட்டுரைகளில் இந்த மூன்று உச்சிகளின் மேல் நட்சத்திரக் குறி போட்டு, 'சாற்றிலுள்ள கரிமப் பொருள்களின் படிகம்' என்று எழுதிக் கடந்துவிடுகிறார்கள். நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். வெள்ளிக் குளோரைடு ஒளியில் சிதைந்து வெள்ளியைத் தரும் பொருள். அது கலந்திருந்தால் உங்கள் வினையூக்க அளவீடும் வெளிச்சத்தைப் பொறுத்து மாறும்.

இலைச்சாற்றின் இன்னொரு பலவீனம், மறுமுறை அதே விளைவைத் தராதது. இலையின் வயது, பருவம், மண், உலர்த்திய விதம், கொதிக்கவைத்த நேரம் என்று எல்லாம் பாலிஃபீனால் அளவை மாற்றும். அதனால் துகளின் அளவும் வடிவமும் மாறும். சாற்றைத்தான் பயன்படுத்துவேன் என்றால், மொத்தப் பாலிஃபீனால், ஒடுக்கும் சர்க்கரை, குளோரைடு, பி.எச். ஆகிய நான்கையும் ஒவ்வொரு முறையும் அளந்து எழுதுங்கள். என் தேர்வைக் கேட்டால், தூய மூலக்கூறுகளிலிருந்து தொடங்குவதையே சொல்வேன்: அஸ்கார்பிக் அமிலம், குளுக்கோஸ், டானிக் அமிலம், சிட்ரேட். இவை எல்லாமே நச்சு குறைந்தவை, மலிவானவை, ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி இருப்பவை. தூய டானிக் அமிலத்தில் நன்றாக வேலை செய்யும் செய்முறை கைக்கு வந்த பிறகு, வீணாகப் போகும் தோல், சக்கை போன்றவற்றின் சாற்றுக்கு நகர்ந்தால் எந்த மாற்றம் எதனால் வந்தது என்பது புரியும். மருத்துவ மூலிகைகளையும் அரிய தாவரங்களையும் வெறும் ஒடுக்கும் பொருளாக வேகவைப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. கழிவுச் சக்கையில் கிடைக்கும் அதே பாலிஃபீனாலுக்காக ஒரு செடியைப் பறிப்பானேன்?

உயிரினங்களைப் பயன்படுத்தும் முறைகளில் எனக்கு மிகவும் நம்பிக்கை அளிப்பது பாக்டீரியாவில் படியும் பலேடியம். டீசல்ஃபோவிப்ரியோ டீசல்ஃபுரிகன்ஸ் போன்ற சல்ஃபேட் ஒடுக்கும் பாக்டீரியாக்கள், ஹைட்ரஜன் அல்லது ஃபார்மேட் முன்னிலையில், கரைசலிலுள்ள பலேடியம் அயனியைத் தங்கள் செல் உறையின் மேல் உலோகத் துகளாகப் படியவைக்கின்றன. பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் லின் மக்காஸ்கி குழு இதை நெடுங்காலம் ஆராய்ந்திருக்கிறது. இதன் சிறப்பு, கழிவுக் கரைசலிலிருந்து பலேடியத்தை மீட்பதும் புதிய வினையூக்கியைத் தயாரிப்பதும் ஒரே படியில் நடப்பது. துகள்களைப் பிடித்துவைக்கும் தாங்கியாகவும் செல்லே அமைந்துவிடுகிறது.

ஏன் கழிவிலிருந்து மீட்பதற்கு இவ்வளவு முக்கியத்துவம்? சுற்றுச்சூழல் சுமையின் பெரும்பகுதி உலோகத்திலேயே இருக்கிறது. தங்கத்துக்குச் செய்யப்பட்ட வாழ்க்கைச் சுழற்சி மதிப்பீடுகளில், மொத்த ஆற்றல் செலவின் மிகப் பெரிய பங்கு தங்கத்தைத் தோண்டிச் சுத்திகரித்து உப்பாக்குவதில்தான் வந்தது. ஒடுக்கும் பொருளை மாற்றியதால் வந்த வேறுபாடு அதனோடு ஒப்பிட்டால் சிறியது. பாறையில் மிக நுண்ணிய அளவில் கலந்திருக்கும் உலோகத்தைப் பிரிக்க மலையளவு பாறையை அரைக்க வேண்டியிருக்கிறது, அதற்குப் பிறகு அதை உப்பாக்கக் குளோரினோ வலிமையான அமிலமோ தேவை. அடுத்த கணக்கு நீர். வழக்கமான செய்முறைகளில் வெள்ளி நைட்ரேட்டின் செறிவு 1 மில்லிமோலார். ஒரு லிட்டரில் இருப்பது 0.108 கிராம் வெள்ளி. அப்படியானால் ஒரு கிராம் வெள்ளித் துகளுக்கு 9 லிட்டருக்கு மேல் கரைசல் வேண்டும். ஒரு கிராம் பொருளுக்கு எத்தனை கிராம் கழிவு என்று சொல்லும், ரோஜர் ஷெல்டன் அறிமுகப்படுத்திய கழிவுக் காரணியில் நீரையும் சேர்த்தால் இது 9,000ஐத் தாண்டிவிடும். பிறகு மையவிலக்குக் கருவியைப் பல சுற்று ஓட்டிக் கழுவுவதற்கான மின்சாரம் வேறு. இலைச்சாறு எவ்வளவு தூய்மையானதாக இருந்தாலும் இந்தக் கணக்கை அது திருத்தாது.

திருத்தக்கூடியவை இரண்டு. ஒன்று, துகளைத் தனியாகத் தயாரித்துப் பிரிப்பதைவிட, தாங்கியின் மேலேயே வளர்ப்பது. செல்லுலோஸ், கைட்டோசான், உயிர்க்கரி, டைட்டானியம் டைஆக்சைடு போன்றவற்றின் மேல் உலோக அயனியை முதலில் பற்றவைத்து அங்கேயே ஒடுக்கினால் மையவிலக்கு தேவைப்படாது; சாதாரண வடிகட்டல் போதும். மேக்னடைட் தாங்கியானால் காந்தத்தாலேயே இழுத்து எடுக்கலாம். மற்றொன்று, ஒரே உலோக அணு எத்தனை வினைச் சுழற்சிகளை முடிக்கிறது என்ற எண்ணிக்கையை உயர்த்துவது. பத்து மடங்கு அதிக நாள் உழைக்கும் வினையூக்கி, உலோகத்தின் சுற்றுச்சூழல் சுமையைப் பத்தில் ஒரு பங்காக்குகிறது. கொஞ்சம் கடுமையான வேதிப்பொருளால் தயாரான வினையூக்கி ஆண்டுக்கணக்கில் உழைத்து, இலைச்சாற்றில் தயாரானது மூன்று சுழற்சியில் செத்துவிட்டால், முன்னதே சுற்றுச்சூழலுக்கு நல்லது. இதைச் சொல்லத் தயங்கக் கூடாது.

இங்கே ஒரு முரண்பாட்டைச் சந்திப்பீர்கள். துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் காக்கும் கரிமப் போர்வைதான் வினைபுரியும் மூலக்கூறு உலோகத்தை நெருங்குவதையும் தடுக்கிறது. குளிருக்குத் தடித்த கையுறை போட்டுக்கொண்டு ஊசியில் நூல் கோக்க முயல்வது போன்ற நிலை அது. புரதமும் பாலிசாக்கரைடும் நிறைந்த சாறுகளில் போர்வை தடிமனாகிவிடுகிறது. கரைசல் மாதக்கணக்கில் தெளிவாக நிற்கும், வினைவேகமோ மந்தமாக இருக்கும். சூடேற்றிப் போர்வையை எரிக்கலாம் என்றால் துகள்கள் ஒன்றிணைந்து பெரிதாகும். உருகுநிலையில் கெல்வின் கணக்கில் பாதி வெப்பநிலையை நெருங்கும்போது திண்ம உலோக அணுக்கள் தாராளமாக நகரத் தொடங்குகின்றன. வெள்ளிக்கு அது சுமார் 345 டிகிரி செல்சியஸ். நானோதுகளில் இன்னும் முன்னதாகவே நிகழும். ஆகவே போர்வை மெல்லியதாகவும், துகளை நகராமல் பிடித்துவைக்கும் வேலை தாங்கியினுடையதாகவும் இருப்பது நல்லது. சிட்ரேட், அஸ்கார்பேட் போன்ற சிறிய மூலக்கூறுகளை நான் விரும்ப இதுவும் ஒரு காரணம்.

இனி சோதனை. ஏறக்குறைய எல்லோரும் எடுத்துக்கொள்வது 4-நைட்ரோஃபீனாலை 4-அமினோஃபீனாலாக ஒடுக்கும் வினை. மஞ்சள் நிறத்தின் 400 நானோமீட்டர் உச்சி குறைந்து, 300 அருகில் புதிய உச்சி எழும். நிறமாலைமானி ஒன்று இருந்தால் சில நிமிடங்களில் வேகம் தெரிந்துவிடும். நல்ல மாதிரி வினைதான். ஆனால் இதில் எலக்ட்ரான் தருவது சோடியம் போரோஹைட்ரைடு, அதுவும் பெரும்பாலும் நூறு மடங்கு மிகையாக! தயாரிப்பில் தவிர்த்த பொருளைச் சோதனையில் தாராளமாக ஊற்றிவிட்டு முழுச் செயல்முறையும் பசுமையானது என்று முடிப்பது சரியல்ல. இன்னும் நுட்பமான சிக்கல் ஒன்று இருக்கிறது. உங்கள் கரைசலில் ஒடுங்காமல் மிஞ்சிய வெள்ளி அயனி இருந்தால், போரோஹைட்ரைடு அதைச் சோதனைக் குப்பியிலேயே புதிய துகளாக்கிவிடும். அப்போது நீங்கள் அளப்பது இலைச்சாற்றில் பிறந்த துகளின் திறனா, குப்பியில் பிறந்ததன் திறனா? துகளை நன்கு கழுவுங்கள். வெறும் சாறு, வெறும் வெள்ளி நைட்ரேட், வெறும் தாங்கி ஆகிய மூன்றையும் தனித்தனியே ஓட்டி அருகில் வையுங்கள். வினைவேக மாறிலியை அப்படியே தராமல், உலோகத்தின் நிறைக்கோ மேற்பரப்புக்கோ வகுத்துத் தாருங்கள். இல்லையென்றால் வேறொருவரின் எண்ணோடு ஒப்பிட வழியே இல்லை.

சாயங்களை நிறமிழக்கச் செய்யும் சோதனைகளில் கூடுதல் எச்சரிக்கை தேவை. போரோஹைட்ரைடு முன்னிலையில் மெத்திலீன் நீலம் நிறமற்றுப் போவது பெரும்பாலும் அதன் நிறமற்ற ஒடுங்கிய வடிவமாக மாறுவதால்தான். காற்று பட்டால் நீலம் திரும்பும். மெத்தில் ஆரஞ்சு போன்ற அசோ சாயங்கள் உடைந்து அரோமாட்டிக் அமீன்களைத் தருகின்றன, இந்த வகை அமீன்களில் சில மூலச் சாயத்தைவிடக் கெடுதலானவை. நிறம் போய்விட்டதால் நீர் சுத்தமாகிவிட்டது என்று எழுதுவதற்கு முன் மொத்தக் கரிமக் கார்பனை அளந்து பாருங்கள்.

பலேடியத்தை எடுத்தால், 2010ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்ற கார்பன்–கார்பன் இணைப்பு வினைகளான சுசுகி, ஹெக் வினைகளைச் செய்து பார்க்கத் தோன்றும். நீரில் அல்லது எத்தனால் கலந்த நீரில் சுசுகி வினை அழகாக நடக்கும். இத்துறையின் மிகப் பயனுள்ள பகுதி இதுவே என்பது என் கருத்து. இங்கே எழும் கேள்வி, வேலை செய்வது துகளா, அதிலிருந்து கரைந்து வெளியேறிய அணுக்களா என்பது. வினை பாதியில் இருக்கும்போது சூடாகவே வடிகட்டி, வடிநீரைத் தொடர்ந்து கலக்கிப் பாருங்கள். வினை தொடர்ந்தால் கரைந்த பலேடியம் இருக்கிறது என்று பொருள். நின்றுவிட்டாலும் முழு நிச்சயம் இல்லை. கரைந்த உலோகம் சட்டென்று திரும்பப் படிந்துவிடக்கூடும். எனவே வடிநீரில் பலேடியம் எவ்வளவு என்று பிளாஸ்மா நிறமாலை முறையில் அளந்துவிடுவதே நல்லது. மிகச் சிறிய அளவு போதும் என்பதற்குத் துறை மறக்காத சான்று உண்டு: லெட்பீட்டர் குழு 2003ஆம் ஆண்டு உலோகமே இல்லாமல் சுசுகி வினை நடப்பதாக அறிவித்து, 2005ஆம் ஆண்டு மறு ஆய்வில், சோடியம் கார்பனேட்டில் இருந்த நூறு கோடியில் சுமார் 50 பங்கு பலேடியமே காரணமாக இருக்கலாம் என்று தாங்களே வெளியிட்டார்கள். பழைய காந்தக் கலக்கித் துண்டில் ஒட்டியிருக்கும் பலேடியம் உங்கள் முடிவையும் இப்படி மாற்றிவிட முடியும். புதிய குப்பி, புதிய கலக்கி கொண்டு ஒரு முறையாவது செய்யுங்கள்.

நுண்ணலை, மீயொலி, பந்து அரைவை ஆகியவற்றைப் பற்றிச் சுருக்கமாக: நேரத்தை வெகுவாகக் குறைப்பவை நுண்ணலையும் மீயொலியும், ஆனால் நேரம் குறைந்தால் மின்சாரமும் குறைந்தது என்று எடுத்துக்கொள்ளாமல் மீட்டரில் பாருங்கள். பொருள்களைக் கடினமான பந்துகளோடு சேர்த்து அரைக்கும் பந்து அரைவை கரைப்பானே இல்லாமல் செய்ய உதவுவதால், மேலே சொன்ன 9 லிட்டர் கணக்கை நேரடியாகத் தீர்க்கிறது. அதற்கு இன்னும் அதிகக் கவனம் கிடைக்க வேண்டும்.

கடைசியாகக் கழிவு. வெள்ளி அயனி நீர்வாழ் உயிர்களுக்கு மிகவும் நச்சு. இலைச்சாற்றில் பிறந்த துகளும் அதே அயனியைத்தான் வெளியிடும்; பாலிஃபீனால் போர்வை அதைத் தீங்கற்றதாக்கிவிடாது. கழுவிய நீரையும் தேய்ந்த வினையூக்கியையும் தொட்டியில் கொட்டாதீர்கள். வினையூக்கியிலுள்ள வெள்ளியை நீர்த்த நைட்ரிக் அமிலத்தில் கரைத்து, கழுவிய நீரோடு சேர்த்துச் சோடியம் குளோரைடு போட்டால் வெள்ளிக் குளோரைடாக வீழ்படியும். அதைக் காரக் கரைசலில் குளுக்கோசோடு சூடாக்கினால் உலோக வெள்ளி திரும்பக் கிடைக்கும். குளுக்கோஸ் முறையில் அமோனியா சேர்த்திருந்தால் அந்தக் கரைசலை ஒரு நாள்கூடச் சேமித்து வைக்க வேண்டாம். நாள்பட்டால் வெடிக்கும் தன்மையுள்ள வெள்ளி நைட்ரைடு உருவாகும். வேலை முடிந்த உடனேயே நீர்த்த நைட்ரிக் அமிலத்தால் அமிலமாக்கிவிட்டு, அதன் பிறகே குளோரைடாக வீழ்படிய வையுங்கள்.